தூக்குமேடை ஏறிய லூயி ரியேல்

கோர்ட்டைச் சுற்றி ஒரு பெருங்கூட்டம். சுமார் 300 பேர். ஒவ்வொருவர் கையிலும் துப்பாக்கி. எல்லோரும் காட்டெருமை வேட்டைக்காரர்கள். ஓடும் குதிரையில் இருந்து சுட்டாலும் குறி தவறாதவர்கள்.

அது 1849-ம் ஆண்டு, மே மாதம் 17-ந் தேதி. இடம், கனடா நாட்டின் நடுவே ஓடும் ரெட் ரிவர் ஆற்றங்கரை. ரெட் ரிவர் என்றால் சிவப்பு ஆறு. இன்று வின்னிபெக் என்ற பெரிய நகரம் அந்த இடத்தில் இருக்கிறது. அன்று அங்கே இருந்தவை ஒரு கோட்டை, சில மாதா கோவில்கள், ஆற்றின் இரு கரையிலும் மரவீடுகள், அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு உள்ளே சேயர் என்பவர் மீதும் வேறு மூன்று பேர் மீதும் வழக்கு நடந்து கொண்டிருந்தது. அவர்கள் செய்த குற்றம், மிருகத் தோல் வியாபாரம். அந்த வட்டாரம் முழுவதையும் இங்கிலாந்து மன்னர் ஹட்சன் பே என்ற கம்பெனிக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்திருந்தார். தோலை வாங்குவதும் விற்பதும் கம்பெனியின் தனி உரிமை. மற்றவர்கள் அதில் கை வைத்தால் குற்றம். நம் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது.

வெளியே நின்ற கூட்டத்துக்குத் தலைவர் ஒரு மாவு மில்காரர். அவர் பெயர் லூயி ரியேல். சேயர் குற்றவாளிதான் என்று ஜூரிகள் சொன்னார்கள். ஆனால் நீதிபதி தண்டனை கொடுக்கவில்லை. வெளியே நின்ற துப்பாக்கிகளின் எண்ணிக்கை அவருக்குத் தெரியும். இனி வியாபாரத்துக்குத் தடை இல்லை என்று கூட்டம் ஆரவாரம் செய்தது.

அதோடு அவர்கள் கலைந்து போய்விடவில்லை. இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள். அங்கே நீதிபதியாக இருந்தவர் ஆடம் தாம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கோர்ட்டில் அவர் பிரெஞ்சு மொழியைப் பேசவே மாட்டார். வழக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரெஞ்சுதான் தாய்மொழி. இரண்டு மொழியும் பேசுகிற நீதிபதி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கம்பெனி மெல்ல இறங்கி வந்தது. சில ஆண்டுகளில் ரெட் ரிவர் கோர்ட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து புழங்கத் தொடங்கின.

மில்காரர் ரியேலுக்கு அப்போது நாலரை வயதில் ஒரு மகன் இருந்தான். அவனுக்கும் லூயி ரியேல் என்றுதான் பெயர். அவனுடைய கதைதான் இது.

<b>மெட்டிஸ் மக்கள்</b>

கனடாவுக்கு முதலில் குடியேறிய ஐரோப்பியர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். பிறகு ஆங்கிலேயர் அவர்களை வென்று நாட்டைப் பிடித்தார்கள். தோல் வியாபாரத்துக்காக மேற்கே காடுகளுக்குள் போன பிரெஞ்சு வாலிபர்கள் பலர், அங்கே வாழ்ந்த பூர்வகுடிப் பெண்களை மணந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு மெட்டிஸ் என்று பெயர். பேசுவது பிரெஞ்சு. மதம் கத்தோலிக்கம். வேட்டைக்குப் போவதிலும் கூடாரம் அடிப்பதிலும் தாய்வழிப் பழக்கம். வெள்ளைக்காரர்கள் இவர்களைத் தங்களவர் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. பூர்வகுடிகளோடும் இவர்கள் முழுவதும் சேர்ந்துவிடவில்லை. தாங்கள் தனி இனம் என்றே நினைத்தார்கள்.

சிறுவன் லூயி 1844-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி பிறந்தான். வீட்டில் 11 குழந்தைகள். அவன்தான் மூத்தவன். தாய் ஜூலி மிகுந்த பக்தி உள்ளவள். பையன் நன்றாகப் படிப்பதைப் பார்த்த டாஷே என்ற பிஷப், அவனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1858-ல், 13 வயதில், மாண்ட்ரியல் நகரத்துக்கு அனுப்பி வைத்தார். வாரக்கணக்கான பயணம். மாட்டுவண்டியில் தொடங்கி ரயிலில் போய் முடிந்தது.

ரியேல் கெட்டிக்கார மாணவர். லத்தீன் படித்தார். கவிதை எழுதினார். 1864-ல் தந்தை இறந்த செய்தி வந்தது. அதன் பிறகு அவருக்கு மனம் நிலைகொள்ளவில்லை. படிப்பை முடிக்காமலே கல்லூரியை விட்டார். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். ஒரு பெண்ணைக் காதலித்தார். கல்யாணத்துக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம்கூட ஆயிற்று. ஆனால் மெட்டிஸ் ஒருவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று பெண்ணின் பெற்றோர் மறுத்துவிட்டார்கள். ரியேலின் உடம்பில் ஓடியது எட்டில் ஒரு பங்கு பூர்வகுடி இரத்தம்தான். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மாண்ட்ரியலை வெறுத்து அவர் கிளம்பினார். அமெரிக்காவில் இரண்டு ஆண்டு சுற்றிவிட்டு 1868-ல் ஊர் திரும்பினார். அப்போது வயது 23.

<b>சங்கிலியை மிதித்த கால்</b>

அவர் திரும்பிய வேளை, ஊர் விலை பேசப்பட்டுக் கொண்டிருந்தது.

1867-ல் ஒண்டாரியோ, கியூபெக் முதலிய நான்கு மாநிலங்கள் சேர்ந்து கனடா என்ற புது நாடு பிறந்திருந்தது. அதன் பிரதம மந்திரி மக்டொனால்ட். ஹட்சன் பே கம்பெனியின் நிலம் முழுவதையும் வாங்கிவிட அவர் ஏற்பாடு செய்தார். அது இன்றைய இந்தியாவை விடப் பெரிய பரப்பு. விலை 3 லட்சம் பவுன். கம்பெனி சம்மதித்தது. லண்டன் சர்க்காரும் சம்மதித்தது. அங்கே குடியிருந்த மக்களை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ரெட் ரிவர் பகுதியில் அப்போது சுமார் 12 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி, பிரெஞ்சு பேசும் மெட்டிஸ்.

நிலம் கைக்கு வருவதற்கு முன்பே கனடா சர்க்கார் அளவைக்காரர்களை அனுப்பிவிட்டது. மெட்டிஸ் மக்களின் நிலங்கள் ஆற்றங்கரையில் தொடங்கி, ஒல்லியாக, நீளமாக, இரண்டு மைல் தூரம் உள்ளே போகும். பனை ஓலைகளை வரிசையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். எல்லா வீட்டுக்கும் ஆற்றுத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதற்காக அப்படிப் பிரித்திருந்தார்கள். வந்த அளவைக்காரர்களோ சதுரம் சதுரமாக அளந்தார்கள். பலரிடம் பட்டா கிடையாது. அனுபவ பாத்தியம்தான்.

1869 அக்டோபர் 11-ந் தேதி, ஒரு மெட்டிஸ் குடியானவரின் புல்வெளியில் அளவுச் சங்கிலி விழுந்தது. அவர் அக்கம்பக்கத்தாரை அழைத்தார். அளவைக்காரர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. குடியானவருக்கு ஆங்கிலம் தெரியாது. ரியேல் முன்னே வந்தார். சங்கிலி மீது காலை வைத்து மிதித்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். இதற்கு மேல் அளக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அன்று முதல் ரியேல் தலைவர்.

அடுத்து, கனடா சர்க்கார் நியமித்த கவர்னர் மக்டூகல் வந்து சேர்ந்தார். நவம்பர் 2-ந் தேதி மெட்டிஸ் குதிரைவீரர்கள் அவரை எல்லையிலேயே வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதே நாள் ரியேலின் ஆட்கள் கேரி கோட்டையைப் பிடித்தார்கள். ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை.

கோட்டையைப் பிடித்ததும் அவர் செய்த முதல் காரியம் கவனிக்கத் தக்கது. ஆங்கிலம் பேசும் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார். உங்கள் பிரதிநிதிகள் 12 பேர், எங்கள் பிரதிநிதிகள் 12 பேர், ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம் என்று அழைத்தார். அவர்களும் வந்தார்கள். டிசம்பர் 1-ந் தேதி ஒரு உரிமைப் பட்டியல் தயாராயிற்று. சட்டசபையிலும் கோர்ட்டுகளிலும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் இருக்க வேண்டும். சட்டங்களும் அரசாங்கப் பத்திரங்களும் இரண்டிலும் வர வேண்டும். உயர்ந்த கோர்ட்டின் நீதிபதிக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். அப்பா 1849-ல் கோர்ட்டு வாசலில் கேட்டதை, மகன் 20 ஆண்டு கழித்துக் காகிதத்தில் எழுதிக் கேட்டார். ஆங்கிலம் பேசியவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அந்த ஊரில் ஏற்கனவே அப்படித்தானே நடந்து வந்தது!

இரண்டு மொழிக்காரர்களையும் ஒன்றாக வைத்திருப்பது லேசான வேலை அல்ல. 1870 ஜனவரி 19-ந் தேதி கோட்டை முற்றத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். உள்ளே அத்தனை பேருக்கு இடம் இல்லை. மூச்சுக் காற்று மீசையில் பனியாக உறைகிற குளிரில், வெட்ட வெளியில், மணிக்கணக்காக நின்றார்கள். கனடா சர்க்காரின் தூதர் டொனால்ட் ஸ்மித் ஆங்கிலத்தில் பேசினார். அவர் ரியேலை அடக்கவே அனுப்பப்பட்டவர். அவர் பேச்சைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொன்னவர் யார் தெரியுமா? ரியேல்தான்! மறுநாளும் அப்படியே நடந்தது. பிறகு பிரெஞ்சுத் தரப்பில் 20 பேர், ஆங்கிலத் தரப்பில் 20 பேர் கொண்ட சபை கூடியது. இரண்டு தரப்பும் சேர்ந்து அமைத்த தற்காலிக சர்க்காருக்கு ரியேல் தலைவர் ஆனார். வயது 25.

<b>ஒரு கொலை</b>

இந்த இடத்தில் ரியேல் ஒரு பெரும் பிழை செய்தார். அவரைப் போற்றுகிறவர்களும் இதை மறைப்பதில்லை.

தற்காலிக சர்க்காரை எதிர்த்தவர்களில் சிலர் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் தாமஸ் ஸ்காட் என்பவர் ஒண்டாரியோவில் இருந்து வந்த முரட்டு வாலிபர். கத்தோலிக்கர்களையும் மெட்டிஸ் மக்களையும் வாய்க்கு வந்தபடி ஏசுவார். காவலர்களோடு அடிதடிக்குப் போவார். மார்ச் 3-ந் தேதி அவரை ஒரு இராணுவ விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தினார்கள். விசாரணை பிரெஞ்சில் நடந்தது. ஸ்காட்டுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு விஷயத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவர் ரியேல். மறுநாள் கோட்டைச் சுவருக்கு வெளியே ஸ்காட்டை நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

கோர்ட்டில் எல்லோருக்கும் புரிகிற மொழி வேண்டும் என்று கேட்டவர்கள், புரியாத மொழியில் ஒருவனை விசாரித்துக் கொன்றுவிட்டார்கள். ரியேல் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தங்கள் சர்க்காரைக் கனடா மதிக்க வேண்டுமானால் இது தேவை என்று அவர் எண்ணினார். ஸ்காட்டின் இரத்தம் ஒண்டாரியோ முழுவதையும் அவருக்கு எதிரி ஆக்கியது. 15 ஆண்டு கழித்து அவர் கழுத்தில் விழுந்த கயிறு அன்றே திரிக்கப்பட்டுவிட்டது.

<b>சட்டத்தின் 23-வது பிரிவு</b>

இதற்கிடையே மூன்று பேர் ரெட் ரிவரில் இருந்து ஒட்டாவா தலைநகருக்குப் போனார்கள். ஒரு பாதிரியார், ஒரு நீதிபதி, ஒரு கடைச் சிப்பந்தி. ஸ்காட் கொலைக்கு உடந்தை என்று சொல்லி இவர்களில் இரண்டு பேரைப் போலீசார் பிடித்தும் வைத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். பேச்சு வார்த்தையில் முன்நின்றவர் ரிஷோ பாதிரியார். பிரதம மந்திரி மக்டொனால்டோடு நாள்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோரிக்கையாக வாதாடினார்.

1870 மே 12-ந் தேதி மானிட்டோபா சட்டம் பிறந்தது. ரெட் ரிவர் பகுதி, மானிட்டோபா என்ற பெயரில் கனடாவின் ஐந்தாவது மாநிலம் ஆயிற்று. மெட்டிஸ் குழந்தைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலம் என்றது ஒரு பிரிவு. கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது 22-வது பிரிவு. 23-வது பிரிவு மொழியைப் பற்றியது. சட்டசபையில் ஆங்கிலத்திலும் பேசலாம், பிரெஞ்சிலும் பேசலாம். கோர்ட்டில் எந்த மொழியிலும் வழக்காடலாம். சட்டசபை நடவடிக்கைகளை இரண்டிலும் எழுத வேண்டும். சட்டங்களை இரண்டிலும் அச்சிட வேண்டும். மானிட்டோபா சட்டத்தை மாற்றும் அதிகாரம் கனடா பாராளுமன்றத்துக்குக்கூட இல்லாமல் போயிற்று. லண்டன் பாராளுமன்றம் 1871-ல் ஒரு சட்டம் செய்து அதற்குப் பூட்டுப் போட்டது.

மாநிலம் பிறந்தது. மாநிலத்தைப் பெற்றவருக்கு அங்கே இருக்க இடம் இல்லாமல் போயிற்று. ஆகஸ்ட் 24-ந் தேதி கர்னல் உல்ஸ்லியின் பட்டாளம் ரெட் ரிவர் வந்து சேர்ந்தது. பட்டாளத்தில் ஒண்டாரியோ வாலிபர்கள் பலர், ஸ்காட்டுக்குப் பழிவாங்க வந்தவர்கள். கடைசி நேரத்தில் தகவல் தெரிந்து ரியேல் கோட்டையை விட்டு ஓடினார். ஒண்டாரியோ சர்க்கார் 1872-ல் அவர் தலைக்கு 5 ஆயிரம் டாலர் விலை வைத்தது.

ஆனால் ஊர் மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1873-ல் கனடா பாராளுமன்றத்துக்கு அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1874 பொதுத் தேர்தலிலும் தேர்ந்தெடுத்தார்கள். தேடப்படும் மனிதர் பாராளுமன்றத்துக்கு எப்படிப் போவது? 1874 மார்ச்சில் ரியேல் ஒட்டாவாவுக்கு மறைவாகப் போய், பாராளுமன்ற உறுப்பினர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்பக்கமாக நழுவிவிட்டார். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அதிகாரிகள் பதறினார்கள். பாராளுமன்றம் அவரை நீக்கியது. மக்கள் அதே ஆண்டு மூன்றாவது முறையாக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாள்கூட அவர் அந்தச் சபையில் உட்காரவில்லை.

1875-ல் மன்னிப்பு வந்தது. ஐந்து ஆண்டு நாடு கடந்து வாழ வேண்டும் என்பது நிபந்தனை.

<b>பள்ளி ஆசிரியர்</b>

இந்த ஆண்டுகளில் அவர் மனம் நோயுற்றது. கடவுள் தன்னிடம் பேசுவதாகச் சொன்னார். தான் ஒரு தீர்க்கதரிசி என்று நம்பினார். நண்பர்கள் அவரை வேறு பெயரில் கியூபெக் மாநிலத்தில் மனநோய் விடுதிகளில் சேர்த்தார்கள். 1878-ல் வெளியே வந்தார்.

பிறகு அமெரிக்காவில் மாண்டானா என்ற இடத்துக்குப் போனார். அங்கேயும் எருமைக் கூட்டத்தைத் தொடர்ந்து போன மெட்டிஸ் குடும்பங்கள் இருந்தன. 1881-ல் மார்கரீத் என்ற மெட்டிஸ் பெண்ணை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. சம்பளம் குறைவு. ஆனால் நிம்மதியாக இருந்தார்.

1884 ஜூன் 4-ந் தேதி நான்கு பேர் குதிரையில் வந்து இறங்கினார்கள். மேலே வடக்கே சஸ்காச்செவான் ஆற்றங்கரையில் இருந்து நூற்றுக்கணக்கான மைல் வந்திருந்தார்கள். முன்னே வந்தவர் கபிரியேல் டுமோன் என்ற புகழ்பெற்ற வேட்டைக்காரர். மானிட்டோபாவில் நிலம் கைக்கு வராமல் ஏமாந்து மேற்கே போன மெட்டிஸ் குடும்பங்களுக்கு அங்கேயும் அதே தொல்லை. அதே அளவுச் சங்கிலி. அதே சதுரங்கள். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கனடா சர்க்காரோடு வழக்காடத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று ரியேலைத் தேடி வந்திருந்தார்கள்.

மனைவி மக்களோடு அவர் கிளம்பிவிட்டார். போகாமல் இருந்திருந்தால் மாண்டானாவில் வயதாகி இறந்திருப்பார்.

முதலில் மனுதான் அனுப்பினார். தக்க பதில் இல்லை. 1885 மார்ச்சில் பட்டோஷ் என்ற கிராமத்தில் மறுபடியும் ஒரு தற்காலிக சர்க்காரை அறிவித்தார். இந்தத் தடவை ஆங்கிலம் பேசுகிறவர்கள் விலகிக்கொண்டார்கள். பாதிரிமாரும் எதிர்த்தார்கள். 1870-ல் பட்டாளம் வந்து சேர மாதங்கள் ஆயின. 1885-ல் ரயில் பாதை வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். மே 9-ந் தேதி முதல் 12-ந் தேதி வரை பட்டோஷில் சண்டை நடந்தது. குண்டு தீர்ந்ததும் மெட்டிஸ் மக்கள் ஆணியையும் கூழாங்கல்லையும் துப்பாக்கியில் போட்டுச் சுட்டார்கள். டுமோன் அமெரிக்காவுக்குத் தப்பினார். ரியேல் தப்ப முயலவில்லை. மே 15-ந் தேதி தானே சரண் அடைந்தார்.

<b>ஆறு ஜூரிகள்</b>

முதலில் அவரை வின்னிபெக்குக்குக் கொண்டுபோவதாக இருந்தது. பிறகு உத்தரவு மாறி ரெஜினா என்ற சிற்றூருக்குக் கொண்டு போனார்கள். இது சின்ன விஷயம் அல்ல. வின்னிபெக் இருப்பது மானிட்டோபாவில். அங்கே வழக்கு நடந்தால் 12 ஜூரிகள். அதில் பாதிப் பேர் பிரெஞ்சு பேசுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்க முடியும். அவரே வாங்கிக் கொடுத்த மாநிலத்தின் சலுகை அது. ரெஜினாவோ மாநிலம் ஆகாத பிரதேசம். அங்கே ஜூரிகள் ஆறு பேர்தான். ஆறு பேரும் ஆங்கிலம் பேசுகிற புராட்டஸ்டண்டுகள்.

ரெஜினா கோர்ட்டிலும் சட்டப்படி பிரெஞ்சில் பேச இடம் உண்டு. ஆனால் பேசி என்ன பயன்? உயிரைத் தீர்மானிக்கிறவர்களுக்கு அது புரிய வேண்டுமே! ரியேல் ஆங்கிலத்தில் பேசினார். தாய்மொழி அல்லாத மொழியில், வார்த்தை தேடித் தேடி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று சொல்லித் தப்ப வைக்க வக்கீல்கள் முயன்றார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. பைத்தியம் என்று பெயர் வாங்கிப் பிழைத்தால், தன் மக்களின் கோரிக்கையும் பைத்தியக்காரக் கோரிக்கை ஆகிவிடும் என்று பயந்தார்.

ஆகஸ்ட் 1-ந் தேதி ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். கூடவே, கருணை காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நீதிபதி மரண தண்டனை விதித்தார். தேதி தள்ளித் தள்ளிப் போயிற்று. கியூபெக் மாநிலம் விடுதலை கேட்டுக் கொதித்தது. ஒண்டாரியோ தூக்கு கேட்டுக் கொதித்தது. பிரதம மந்திரி மக்டொனால்ட் அசையவில்லை. 1885 நவம்பர் 16-ந் தேதி காலை, ஜெபம் சொல்லிக்கொண்டே ரியேல் தூக்குமேடை ஏறினார். வயது 41. ஆறு நாள் கழித்து மாண்ட்ரியல் மைதானத்தில் சுமார் 50 ஆயிரம் பேர் கூடிக் கண்ணீர் விட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மார்கரீத்தும் காசநோயால் இறந்தாள்.

<b>பூட்டி வைத்த பிரிவு</b>

1870-ல் மானிட்டோபா மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிரெஞ்சு பேசினார்கள். பிறகு ஒண்டாரியோவில் இருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து குடியேறினார்கள். 20 ஆண்டில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தொகை குறைந்ததும் மாநில சர்க்கார் துணிந்தது. ரியேல் இறந்து ஐந்தே ஆண்டு. 1890-ல் முதல்-மந்திரி கிரீன்வே காலத்தில், சட்டசபைக்கும் கோர்ட்டுக்கும் ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் செய்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கிடைத்து வந்த அரசாங்கப் பணமும் நின்றது. 23-வது பிரிவைத் தொட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. தொட்டார்கள். யாரும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. செயின்ட் போனிபேஸ் கோர்ட்டின் நீதிபதி ஒருவர் 1892-லும், மறுபடி 1909-லும், அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். சர்க்கார் அந்தத் தீர்ப்புகளை மதிக்கவே இல்லை. வழக்கம்போல ஆங்கிலத்திலேயே சட்டம் போட்டுக்கொண்டு போயிற்று.

1916-ல் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மூலம் பாடம் சொல்லிக் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். ஆசிரியர்கள் ஓசைப்படாமல் சொல்லிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வண்டி வரும் சத்தம் கேட்டால் பிரெஞ்சுப் புத்தகங்கள் பெட்டிக்குள் போகும், ஆங்கிலப் புத்தகங்கள் மேசைக்கு வரும். கபிரியேல் ருவா என்ற புகழ்பெற்ற நாவலாசிரியை 1909-ல் செயின்ட் போனிபேஸில் பிறந்து இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். இரண்டு தலைமுறை இப்படியே கழிந்தது. 1967-ல் பாதி நேரம் பிரெஞ்சில் நடத்தலாம் என்றார்கள். 1970-ல்தான் பழைய உரிமை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது.

கோர்ட்டும் சட்டசபையும்? அதற்கு ஒரு 5 டாலர் அபராதம் வழி திறந்தது. செயின்ட் போனிபேஸில் ஜார்ஜ் ஃபோரே என்று ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. வண்டி நிறுத்தியதற்கு அவருக்கு வந்த அபராதச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் 1870-ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கு படிப்படியாக ஏறிக் கனடா உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1979 டிசம்பர் 13-ந் தேதி தீர்ப்பு வந்தது. 1890-ம் ஆண்டு மொழிச் சட்டம் செல்லாது!

மாநிலம் அதிர்ந்தது. சமரசம் செய்ய சர்க்கார் கொண்டுவந்த திட்டத்தை எதிர்க்கட்சியினர் ஒட்டாமல் செய்தார்கள். வாக்கெடுப்பு மணி நாள்கணக்கில் ஒலித்துக்கொண்டே இருக்க, அவர்கள் சபைக்குள் வரவே இல்லை. 1983 ஜனவரியில் பிரெஞ்சு பேசுவோர் சங்கத்தின் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 1984-ல் திட்டம் கைவிடப்பட்டது. மறுபடி உச்சநீதிமன்றம்தான் பேச வேண்டி வந்தது.

1985 ஜூன் 13-ந் தேதி அது சொன்ன தீர்ப்பு உலகத்தில் அதிகம் காணாதது. 1890 முதல் ஆங்கிலத்தில் மட்டும் செய்த அத்தனை சட்டமும் செல்லாது என்றது. அப்படியானால் வரி இல்லை, போலீஸ் இல்லை, முனிசிபாலிட்டி இல்லை. மாநிலமே சட்டம் இல்லாத காடு ஆகிவிடுமே! அதனால், அவற்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து மறுபடி நிறைவேற்றி அச்சிடத் தேவையான காலம் வரை மட்டும் அவை நடப்பில் இருக்கட்டும் என்று தவணை கொடுத்தது. மொழிபெயர்ப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ரியேல் தூக்கில் தொங்கி அப்போது ஏறக்குறைய நூறு ஆண்டு.

பக்கத்து மாநிலத்தாருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ரியேலை விசாரித்த ரெஜினா, இப்போது சஸ்காச்செவான் மாநிலத்தின் தலைநகர். அங்கே பழைய பிரெஞ்சு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உச்சநீதிமன்றம் 1988-ல் சொன்னது. ஆனால் அதற்கு மானிட்டோபாவில் இருந்தது போன்ற பூட்டு இல்லை. மாநில சட்டசபை நினைத்தால் ஒரு சாதாரண சட்டம் போட்டு எடுத்துவிடலாம். அதே ஆண்டில் எடுத்தும்விட்டார்கள்.

ரியேலின் உடலை ரெஜினாவில் இருந்து ரயிலில் கொண்டுவந்து, செயின்ட் போனிபேஸ் மாதா கோவில் முன்னால் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1992-ல் கனடா பாராளுமன்றம், அவர் மானிட்டோபாவை நிறுவியவர் என்று தீர்மானம் செய்தது. 2023-ல் மாநில சட்டசபை, மானிட்டோபாவின் முதலாவது முதல்-மந்திரி என்ற கௌரவப் பட்டத்தைச் சட்டம் மூலம் அவருக்கு வழங்கியது. 2008 முதல் அந்த மாநிலத்தில் பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை லூயி ரியேல் நாள். பனி மூடிய அந்த நாளில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை.